ஆறரை சென்ட்: பாரிஸில் ஒன்பது நாள்

2018 நவம்பர் கடைசியில், எங்கள் திருப்பூர் உடுப்புக் கம்பெனிக்காகப் பன்னிரண்டு கிலோ சாம்பிள் பையைத் தூக்கிக்கொண்டு பாரிஸ் போயிருந்தேன். எல்லாம் குழந்தைகள் உடுப்பு. ஐந்து பையர்களை, அதாவது எங்களிடம் ஆர்டர் கொடுக்கும் கம்பெனிக்காரர்களைப் பார்ப்பதாகத் திட்டம், பார்த்தது இரண்டு பேரை. மீதி நாளெல்லாம் அங்கே என்னதான் செய்தாய் என்று முதலாளி கேட்டார். அவருக்குச் சொன்னதைவிடக் கொஞ்சம் விவரமாக இங்கே எழுதுகிறேன். தினமும் ராத்திரி ஓட்டல் ரூமில் ஆர்டர் நோட்டின் பின்பக்கத்தில் கிறுக்கி வைத்தவைதான் இவை.

30 நவம்பர் 2018, வெள்ளி

கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் ரூம். கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்கும். ஒரு நாளைக்கு 72 யூரோ. காலை எட்டரை வரைக்கும் இருட்டு, சாயங்காலம் ஐந்துக்கெல்லாம் மறுபடி இருட்டு.

இந்த ஊரில் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது 'போன்ழூர்', அதாவது வணக்கம், சொல்வது. சொல்லாமல் நேராக விலை கேட்டால் காது கேட்காதவர் மாதிரி நிற்கிறார்கள். சொல்லிவிட்டால் ஆளே மாறிவிடுகிறார். இரண்டாவது, காபியை நின்றுகொண்டு குடிப்பது. நின்றால் 1.20 யூரோ, உட்கார்ந்தால் 2.40. நம்ம ஊர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் பெஞ்சுக்கு வாடகை கேட்டால் என்ன நடக்கும் என்று நினைத்துக்கொண்டே நின்று குடித்தேன்.

ஓட்டல் வரவேற்பில் இருந்த பெரியவர் மேப்பை எடுத்து, ஷான்ஸ் எலிசே தெருவைச் சுற்றி பேனாவால் வட்டம் போட்டுக் கொடுத்தார். நாளைக்கு இந்த வட்டத்துக்குள் போகாதே என்றார். நவம்பர் 17-லிருந்து சனிக்கிழமைதோறும் மஞ்சள் சட்டைக்காரர்கள் கூடுகிறார்களாம், காரில் வைத்திருக்கிற பாதுகாப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு போராடுகிறவர்கள். ஜனவரி முதல் தேதியிலிருந்து டீசலுக்கு லிட்டருக்கு 6.5 சென்ட், பெட்ரோலுக்கு 2.9 சென்ட் வரி கூடப் போகிறது, அதற்கு எதிர்ப்பு.

ஆறரை சென்டை ரூபாயில் போட்டுப் பார்த்தேன். ஐந்து ரூபாய் இருபது காசு. சிரிப்பு வந்துவிட்டது. செப்டம்பர் 10-ம் தேதி நம் நாட்டிலும் பெட்ரோல் விலைக்காக பாரத் பந்த் நடந்தது. எங்கள் கம்பெனி அன்றைக்கு ஓடியது, மதியச் சாப்பாட்டுக்கு மெஸ்ஸும் திறந்திருந்தது. இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துத் தூங்கினேன்.

1 டிசம்பர், சனி

எங்கள் தொழிலில் ஊருக்குப் போனால் ஸ்டோர் விசிட் கட்டாயம். கடையில் போட்டோ எடுக்க விடமாட்டார்கள். அதனால் துணியைத் தடவிப் பார்ப்பது, உள்பக்கம் திருப்பித் தையல் பார்ப்பது, விலைச் சீட்டை மனப்பாடம் செய்வது, வெளியே வந்து எழுதுவது. ஒப்பிட்டுப் பார்க்க நம்முடைய ஆறு ராம்பர்களை, கைக்குழந்தைக்கு மேலும் கீழும் ஒன்றாகத் தைத்த உடுப்பை, தோள்பையில் எடுத்துக்கொண்டு ஓஸ்மான் தெருவின் பெரிய கடைகளுக்குப் போனேன். பேனா வட்டத்துக்கு வெளியேதான்.

மதியத்துக்கு மேல் கலெரி லஃபாயெத்தில் ஏதோ அறிவிப்பு வந்தது. எல்லோரும் வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள். யாரும் ஓடவில்லை. கையிலிருந்த கோட்டை ஹேங்கரில் திரும்ப மாட்டிவிட்டுப் போன அம்மாவைப் பார்த்தேன். வெளியே வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. ஹெலிகாப்டர் சத்தம், தூரத்தில் பட்டாசு மாதிரி வெடி, தெருமுனையில் ஒரு குப்பைத்தொட்டி எரிந்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக் உருகி ரோட்டில் ஓடியது. மெட்ரோ வாசல்களை இரும்புக் கதவு போட்டு அடைத்திருந்தார்கள்.

வட்டம் நகர்ந்து எங்கள் பக்கம் வந்துவிட்டது. புகை முதலில் வெள்ளையாக, அழகாகத்தான் இருந்தது. பத்து அடி நடந்திருப்பேன். மிளகாய் வறுக்கிற அடுப்படியில் ஆளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தியது போல ஆகிவிட்டது. கண்ணைத் திறக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினேன். யாரோ தாடையைப் பிடித்து முகத்தை மேலே தூக்கினார்கள். நீச்சல் கண்ணாடி போட்ட ஒரு பெண், இருபது வயது இருக்கலாம். சுண்டுவிரல் நீளப் பிளாஸ்டிக் குப்பியின் மூக்கைக் கிள்ளி இரண்டு கண்ணிலும் ஊற்றினாள். உப்புத் தண்ணீர்தான், குழந்தைகளுக்கு மூக்கடைத்தால் விடுவது. இன்னொரு குப்பியை என் சட்டைப் பையில் செருகிவிட்டு, 'பொன் கூராழ்' என்று சொல்லிப் போய்விட்டாள். தைரியமாக இருங்கள் என்று அர்த்தமாம்.

பாதி ஷட்டர் இறக்கிய ஒரு காபிக் கடைக்குள் குனிந்து நுழைந்தேன். அங்கே ஒரு புருஷன் பெண்டாட்டி, ஐம்பதைத் தாண்டியவர்கள், மஞ்சள் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். அமியேன் பக்கத்துக் கிராமமாம், நான்கு பேர் சேர்ந்து ஒரே காரில் வந்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்த வேகவைத்த முட்டையில் ஒன்றை உரித்து என்னிடம் நீட்டினார் அந்த அம்மா. கடைக்காரரும் ஒன்றும் சொல்லவில்லை.

தொழில் புத்தி போகாதே, சட்டையைத்தான் பார்த்தேன். பாலியஸ்டர் பின்னல் துணி, சதுர மீட்டருக்கு 120 கிராம் இருக்கும். ஓரத்துக்குப் பைண்டிங், முன்னால் வெல்க்ரோ, சுற்றி ஐந்து சென்டிமீட்டர் வெள்ளி டேப். அந்த அம்மா முதுகில் மார்க்கர் பேனாவால் '930' என்று எழுதியிருந்தார். நம்பர் எதற்கு என்று கேட்டேன். என் மாதச் சம்பளம் என்றார்.

வயதானவர்களின் வீடு வீடாகப் போய்க் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுக்கிற வேலை. ஒரு கிழவர் வீட்டுக்கும் அடுத்த கிழவி வீட்டுக்கும் நடுவே பஸ் கிடையாது. வாரத்துக்கு 40 லிட்டர் டீசல். எனக்குப் புரியட்டும் என்று பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினார். வாரத்துக்கு 2.60, மாதத்துக்குப் பதினோரு யூரோ. இந்த ஜனவரியில் ஏற்கெனவே ஏழரை சென்டுக்கு மேல் கூட்டியதையும் அதன் கீழே எழுதி அடிக்கோடு போட்டார்.

அந்தப் பில்லைப் பார்த்தபோது எங்கள் கம்பெனி ஞாபகம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பீஸுக்குப் பதினைந்து பைசா கூலி கூட்டச் சொல்லி ஒரு தையல் லைன் முழுக்க மெஷினை நிறுத்திவிட்டது. ஷிப்மென்ட் தேதி நெருக்கிக்கொண்டிருந்தது. 'பதினைஞ்சு பைசாவுக்கா இத்தனை ரகளை?' என்று கேட்டவன் நான்தான். ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் டெய்லர் அக்கா ஒருவர் நிதானமாகச் சொன்னார்: "உங்களுக்கு அது ஒரு பீஸுங்க. எனக்கு ஒரு நாளைக்கு அறநூறு பீஸுங்க."

நேற்று ராத்திரி ஐந்து ரூபாய் இருபது காசு என்று சிரித்தவனும் அதே ஆள்தான்.

இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடந்தே ரூமுக்கு வந்தேன். கண் எரிச்சல் ராத்திரி வரை போகவில்லை.

2 டிசம்பர், ஞாயிறு

பாரிஸில் மட்டும் நேற்று 400 பேருக்கு மேல் கைதாம். வெற்றி வளைவுக்குள் புகுந்து அருங்காட்சியகத்தை உடைத்திருக்கிறார்கள். முகத்தில் ஒரு பக்கம் பெயர்ந்து போன பெண் சிலையை டிவியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். குடியரசின் சின்னமான மரியான் என்றார்கள். உண்மையில் அது வளைவின் வெளிச்சுவரில் இருக்கும் சிற்பத்தின் தலைக்கு எடுத்த பிளாஸ்டர் அச்சு. அச்சு என்றாலும் பார்க்கச் சகிக்கவில்லை. அர்ஜென்டினா மாநாட்டிலிருந்து திரும்பிய அதிபர் மக்ரோன் விமானத்தைவிட்டு இறங்கி நேராக அங்கேதான் போனார்.

எனக்குப் பசி. ரூமிலிருந்து பத்து நிமிஷ நடையில் லாச்சப்பல். தலைக்கு மேலே மெட்ரோ ஓட, கீழே தமிழ் எழுத்துப் பலகைகள், கறிவேப்பிலைக் கட்டு, முருங்கைக்காய், புடவைக் கடை, நகைக் கடை. யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் பிட்டும் மீன் குழம்பும் சாப்பிட்டேன். ஏழு யூரோ. மூன்று நாளில் முதல் தடவையாக வயிறு ஒப்புக்கொண்டது.

கடை அண்ணா வந்து முப்பது வருஷம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள் விடிய இரண்டரைக்கு எழுந்து வேனை எடுத்துக்கொண்டு ருஞ்ஜிஸ் மொத்தச் சந்தைக்குப் போகிறவர்.

"டீசல் விலை எனக்குத் தெரியாதோ தம்பி? அவங்கள் கேக்கிறதில பிழையில்லை. ஆனா சனிக்கிழமையைப் பிடிச்சுக்கொண்டாங்கள் பாருங்கோ, அதுதான் எங்களுக்கு இடி. எங்கட சனம் வெளியில இருந்து சாமான் வாங்க வாறது சனி, ஞாயிறுதானே. நேற்று பாதி ரோல்ஸ் மிச்சம்."

மிச்சமான ரோல்ஸில் இரண்டைச் சூடாக்கித் தந்தார். காசு வாங்கவில்லை.

3 டிசம்பர், திங்கள்

முதல் மீட்டிங். சாம்பிள்களை மேஜையில் பரப்பினேன். பையருக்கு உதவியாக ஆர்டர் வேலைகளைப் பார்க்கும் மெர்ச்சண்டைசர் பெண் வெள்ளை ராம்பரை எடுத்து முகத்துக்குக் கிட்டே கொண்டு போனாள். துணி வாசனை பார்ப்பது அவர்கள் வழக்கம். அடுத்த நொடி தும்மல். ஒன்று, இரண்டு, ஐந்து. அப்புறம் பையரும் தும்மினார். சனிக்கிழமைப் புகை ஆறு உடுப்பிலும் அப்படியே ஒட்டியிருந்தது. பிறந்த குழந்தைக்கான ஆர்கானிக் காட்டன் என்று லேபிள் வேறு.

நான் வெலவெலத்துப் போனேன். அவர்களோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஜன்னலைத் திறந்து வைத்து, கோட்டைப் போட்டுக்கொண்டு குளிரில் மீட்டிங்கை முடித்தோம். விலையில் மட்டும் ஒரு சென்டும் ஏற்றித் தரவில்லை.

மதியம் அந்தப் பெண் பக்கத்துக் கடைக்குச் சாப்பிடக் கூட்டிப் போனாள். சேன் எ மார்ன் மாவட்டத்தில் வீடு. ரயில் நிலையத்துக்கே இருபது கிலோமீட்டர் காரில் வரவேண்டும். பாரிஸுக்குள் வீடு எடுக்கச் சம்பளம் போதாது. இந்த வரிக்கு எதிரான இணைய மனுவைத் தொடங்கிய பிரிசில்லியா லுதோஸ்கி அவளுடைய மாவட்டத்துக்காரராம், அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை. அவளுடைய காரிலும் மஞ்சள் சட்டை கண்ணாடிக்கு முன்னால் மடித்து வைத்திருக்கிறதாம். போராட்டத்துக்குப் போகாதவர்கள் ஆதரவைக் காட்டுவது அப்படித்தான். காருக்கு ஒரு சட்டை இருந்தே ஆகவேண்டும் என்று 2008-ல் சட்டம் போட்டது அரசாங்கம், இல்லாவிட்டால் 135 யூரோ அபராதம். ஆக, நாடு முழுக்க எல்லோருக்கும் சீருடையை அரசாங்கமே வாங்க வைத்திருக்கிறது. இப்படி ஒரு ஆர்டர் எந்தக் கம்பெனிக்காவது கிடைக்குமா!

பல வருஷமாக டீசலுக்கு வரியைக் குறைத்து வைத்து, டீசல் கார் வாங்குங்கள் என்றார்களாம். வாங்கிய பிறகு, அது சுற்றுச்சூழலுக்குக் கெடுதல், மின்சாரக் கார் வாங்குங்கள் என்கிறார்களாம். அதே மக்ரோன் இந்த வருஷம் பெரும் பணக்காரர்களின் சொத்து வரியை எடுத்துவிட்டு, நிலம், கட்டடத்துக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டார். "அவர்களுக்கு உலகம் முடியப் போகிறதே என்று கவலை. எங்களுக்கு மாதம் முடியவேண்டுமே என்று கவலை." இது இப்போது எல்லோர் வாயிலும் இருக்கிற வாசகம்தான் என்று அவளே சொன்னாள்.

சுற்றுச்சூழல் விஷயத்தில் எனக்கு அவ்வளவு சீக்கிரம் தலையாட்ட முடியவில்லை. நொய்யல் ஆற்றைப் பார்த்து வளர்ந்தவன். சாய ஆலைகளுக்குச் சுத்திகரிப்புச் செலவு ஏறியபோது எங்கள் ஊரும் இதே மாதிரிதான் பேசியது. ஆனால் அந்த '930' கண்ணில் நின்றது. இதை அவளிடம் சொல்லும் அளவுக்கு என் இங்கிலீஷும் போதாது, அவளுடையதும் போதாது.

சாப்பிடும்போதே இன்னொன்றும் சொன்னாள். மார்செய் நகரில் நான்காம் மாடி ஜன்னலை மூடப் போன 80 வயதுப் பாட்டி முகத்தில் கண்ணீர்ப்புகைக் குண்டு பட்டு இறந்துவிட்டாராம். அதற்கப்புறம் அந்தச் சிரிப்பை நினைக்கவே ஒரு மாதிரி இருந்தது.

4 டிசம்பர், செவ்வாய்

பிரதமர் எதுவார் ஃபிலிப் டிவியில் வந்தார். வரி உயர்வு ஆறு மாதத்துக்கு நிறுத்திவைப்பு. காபிக் கடையில் எல்லோரும் நின்றபடி பார்த்தார்கள். கைதட்டல் இல்லை. பக்கத்தில் நின்றவர் உதட்டைப் பிதுக்கி 'ப்ஃப்' என்று ஒரு சத்தம் விட்டார். இந்த நாட்டில் பாதிப் பேச்சு அந்தச் சத்தத்திலேயே முடிந்துவிடுகிறது.

இரண்டாவது மீட்டிங் நடந்தது. சொல்லும்படி ஒன்றுமில்லை.

5 டிசம்பர், புதன்

மூன்றாவது பையர் 'சனிக்கிழமைக்கு அப்புறம் பார்ப்போம்' என்று மெயில் போட்டுவிட்டார். சனிக்கிழமைதான் எனக்கு விமானம்.

சும்மா இருக்க முடியாமல் மெட்ரோ பாலத்தை ஒட்டியே நடந்து ஸ்டாலின்கிராட் நிலையம் வரை போனேன். அங்கே திறந்தவெளியில் வட்டமாக ஒரு கல் கட்டடம். இப்போது கீழே மதுக்கடையும் சாப்பாட்டுக் கடையும். கோயில் மாதிரித் தூண்கள் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால், அது பழைய சுங்கச் சாவடி.

பிரெஞ்சுப் புரட்சிக்குச் சில வருஷம் முன்னால் பாரிஸைச் சுற்றி 24 கிலோமீட்டருக்குச் சுவர் எழுப்பினார்கள். எதிரிப் படையைத் தடுக்க எழுப்பிய கோட்டைச் சுவர் என்று நினைக்கவேண்டாம். ஊருக்குள் வரும் ஒயினுக்கும் இறைச்சிக்கும் விறகுக்கும் வரி வாங்காமல் விடக்கூடாது என்றுதான் அந்தச் சுவர். கட்டியவர்கள் ராஜாவுக்காக வரி வசூலிக்கும் குத்தகைக்காரர்கள், வாயில்களை வடிவமைத்தவர் லெதூ என்கிற கட்டடக் கலைஞர். சுவருக்கு வெளியே ஒயின் மலிவு என்பதால் அங்கே சாராயக் கடைகள் பெருகின. 1789 ஜூலையில், பஸ்தி (பாஸ்டில்) சிறை விழுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே, ஜனங்கள் இந்தச் சாவடிகளைத்தான் கொளுத்த ஆரம்பித்தார்கள். இன்றைக்கு மிச்சமிருக்கிற நான்கில் இது ஒன்று.

அந்தக் காலத்தில் பாரிஸ்காரர்கள் ஒரு சிலேடை சொல்லித் திரிந்தார்களாம்: 'ல முர் முரான் பாரி ரான் பாரி முர்முரான்'. பாரிஸைச் சுற்றிய சுவர் பாரிஸை முணுமுணுக்க வைக்கிறது. அவர்கள் முர்முரான், நாம் முறுமுறுப்பு. இதற்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை.

சுவரை அப்புறம் இடித்து அந்த இடத்தில் அகலத் தெருக்கள் போட்டார்கள். என் தலைக்கு மேல் ஓடுகிற இரண்டாம் எண் மெட்ரோ அந்தச் சுவர் நின்ற கோட்டின் மேல்தான் ஓடுகிறது. அதாவது லாச்சப்பலில் நம் ஆட்கள் முருங்கைக்காய் விற்கிற இடம் பழைய சுங்கக் கோடு.

சாயங்காலம் செய்தி வந்தது. ஆறு மாதமெல்லாம் இல்லை, 2019-க்கான உயர்வே ரத்து. கடை அண்ணாவிடம் சொன்னேன். "அப்ப சனிக்கிழமை கடை திறக்கலாமோ?" என்று கேட்டுவிட்டு, "திறக்கேலாது. இனி வரிக்கு இல்லை, ஆளுக்குத்தான்," என்று பதிலையும் அவரே சொன்னார். 'மக்ரோன் தெமிஸ்யோன்' என்று கத்துகிறார்களே, ராஜினாமா செய் என்று, அதைச் சொல்கிறார்.

6 டிசம்பர், வியாழன்

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போனபோது அண்ணா கல்லாவில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாந்த் லா ழொலி என்கிற ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் 151 பேரைப் பிடித்து, வரிசையாக முழங்காலில் நிற்க வைத்து, கைகளைத் தலைக்குப் பின்னால் கட்ட வைத்த வீடியோ. அவரும் மாணவர்களைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நின்றேன். போனைக் குப்புற வைத்துவிட்டு, "என்ன சாப்பிடுறீங்கள்?" என்றார். கொத்து ரொட்டி சொன்னேன். அன்றைக்கு அவர் அதிகம் கதைக்கவில்லை.

7 டிசம்பர், வெள்ளி

கடைசியில் பேனா வட்டத்துக்குள் போனேன். ஷான்ஸ் எலிசே முழுக்க ட்ரில் சத்தம். நகைக் கடை, வாசனைத் திரவியக் கடை, வங்கி, ஒன்று விடாமல் கண்ணாடிக்கு முன்னால் பிளைவுட் அடித்துக்கொண்டிருந்தார்கள். கிறிஸ்துமஸ் விளக்குகள் மேலே மினுமினுக்க, கீழே தெரு முழுக்க மரத்தூள் வாசனை. நாளைக்கு நாடு முழுக்க 89,000 போலீஸ், பாரிஸில் மட்டும் 8,000, கவச வண்டிகளும் உண்டு. ஈஃபில் கோபுரமும் லூவர் அருங்காட்சியகமும் மூடல். ஒன்பது நாளில் கோபுரத்தை ரயில் ஜன்னல் வழியாகக்கூடப் பார்க்கவில்லை என்று வீட்டில் சொன்னால் நம்பமாட்டார்கள்.

திரும்பும் வழியில் ஒரு கடையில் மஞ்சள் சட்டை வாங்கினேன், 3.50 யூரோ. ரெஃபரன்ஸ் சாம்பிள் என்று செலவுக் கணக்கில் எழுதியிருக்கிறேன். இது பொய் என்று முதலாளி நினைத்தால் நினைக்கட்டும்.

8 டிசம்பர், சனி

விமானம் மதியம்தான். பயத்தில் காலை ஏழுக்கே கிளம்பிவிட்டேன். கார் து நோர் வாசலில் போலீஸ் வரிசையாக நின்று பைகளைத் திறக்கச் சொன்னார்கள். என் பையை ஒரு இளைஞர் திறந்தார். மேலேயே மஞ்சள் சட்டை. அதன் மேல் அந்தப் பெண் கொடுத்த கண் குப்பி.

அவர் முகம் மாறியது. அன்றைக்கு நீச்சல் கண்ணாடி வைத்திருந்தவர்களைக்கூட முன்கூட்டியே பிடித்து வைத்தார்கள் என்று பிறகுதான் தெரியும். இன்னொருவரைக் கூப்பிட்டார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு 'போன்ழூர்' ஒன்றுதான், அதை இரண்டு தடவை சொன்னேன். அப்புறம் கை தானாக டேப்பை எடுத்தது. தையல்காரன் டேப்பை, நான் எங்கே போனாலும் கழுத்திலோ பையிலோ இருக்கும். சட்டையை அவர் கையிலேயே விரித்து வெள்ளிப் பட்டையை அளந்து காட்டினேன். ஐந்து சென்டிமீட்டர். லேபிளைக் காட்டி, இஎன் ஐஎஸ்ஓ 20471 என்கிற பாதுகாப்பு உடுப்புத் தர எண்ணை விரலால் தட்டினேன். பன்னிரண்டு கிலோ குழந்தை உடுப்பையும் அள்ளி வெளியே போட்டேன், யானை பிரிண்ட் போட்டதெல்லாம்.

மூத்தவர் ஒரு ராம்பரை எடுத்துப் பார்த்தார். எனக்கு உயிரே போய்விட்டது, முகர்ந்து பார்த்துவிடப் போகிறாரே என்று. நல்லவேளை, விலைதான் கேட்டார். நான்கு யூரோ என்றேன். கடையில் பதினெட்டுக்கு விற்கிறார்கள் என்று தலையை ஆட்டிக்கொண்டு திரும்ப வைத்தார். குப்பியை எடுத்துக்கொண்டார்கள். சட்டையைக் கொடுத்துவிட்டார்கள்.

விமான நிலைய ரயிலுக்கு 10.30 யூரோ. பெட்டியில் என்னைச் சேர்த்து ஏழு பேர்.

11 டிசம்பர், செவ்வாய், திருப்பூர்

நேற்று ராத்திரி மக்ரோன் பேசியதைக் காலையில் போனில் படித்தேன். குறைந்தபட்சச் சம்பளக்காரர்களுக்கு மாதம் 100 யூரோ கூடும், பணக்காரர்களின் சொத்து வரி மட்டும் திரும்ப வராது. அமியேன் அம்மாவின் முதுகில் இப்போது என்ன நம்பர் இருக்கும் என்று யோசித்தேன்.

மஞ்சள் சட்டையை சாம்பிள் செக்ஷன் மேஜையில் போட்டேன். பேட்டர்ன் மாஸ்டர் விரித்துப் பார்த்து, "இதுல என்னங்க நிக்கும்? துணியும் டேப்பும் போனா கூலிக்கே கையக் கடிக்கும்," என்று ஒதுக்கிவிட்டார். அந்த ஓவர்லாக் டெய்லர் அக்கா டீ டைமில் அந்தப் பக்கம் வந்தவர், எதற்கு இது என்றுகூடக் கேட்கவில்லை. உள்பக்கம் திருப்பி, டேப் முடியும் இடத்தில் நகத்தை வைத்து நெம்பினார்.

"இங்க பாருங்க, நாலு தையல் விட்டுப்போயிருக்குது. அவசரத்துல தெச்சிருக்காங்க," என்று சொல்லிவிட்டு மெஷினுக்குப் போய்விட்டார்.